படித்ததைப் பகிர்வது, அடுத்து படிக்கத் திட்டமிடுவது: மொரீசியஸ் வாசகர் வட்டங்களுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

வாசகர் வட்டத்துக்கு முதல் தடவை வருகிறவர்களிடம் இரண்டு பயங்களைப் பார்க்கிறேன். "நான் அவ்வளவாகப் படித்ததில்லையே" என்பது ஒன்று. "என் தமிழ் சுமார்தான்" என்பது இன்னொன்று. மொரீசியஸில் இரண்டாவது பயம்தான் ஆளை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. வீட்டில் கிரியோல், செய்தித்தாளில் பிரெஞ்சு, அரசாங்கப் படிவத்தில் ஆங்கிலம். தமிழோ பள்ளிக்கூடத்தில் படித்த பாடமாக, கோயிலில் கேட்கும் பாட்டாக, ரூபாய் நோட்டில் ஒரு வரியாக நின்றுவிடுகிறது. அப்படி இருக்கும்போது ஒரு தமிழ்ப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பத்துப் பேர் முன்னால் பேச வருவது சின்ன விஷயம் இல்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெரிய வாசகர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் கிடைக்காது.

எங்கள் பக்கம், அதாவது ரோஸ் ஹில், காத்ர் போர்ன் வட்டாரத்தில், இந்தக் கூட்டங்கள் வீட்டு வராந்தாவிலோ கோயில் மண்டபத்தின் ஓரத்திலோ நடக்கும். மாதம் ஒரு ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம். ஒரு தட்டு காத்தோ பிமா (மிளகாய் போட்ட பருப்பு வடை), வனிலா டீ, நடுவில் ஒரு மேசை. மேசையில் புத்தகங்கள். மேடையோ ஒலிபெருக்கியோ கிடையாது. ஆகவே உரை தயாரித்துக்கொண்டு வராதீர்கள்.

எந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்வது?

ஒரே ஒரு புத்தகம். கடந்த மாதம் மூன்று படித்திருந்தாலும் ஒன்றுதான். மூன்றையும் சொல்ல ஆரம்பித்தால் தலைப்பும் ஆசிரியர் பெயரும் தவிர வேறெதுவும் கேட்பவர் காதில் நிற்காது. மிகச் சிறந்த புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும் இல்லை. எதைப் படித்தபோது யாரையாவது கூப்பிட்டு "இதைக் கேளேன்" என்று சொல்லத் தோன்றியதோ, அதுவே சரியான புத்தகம். முழுதாக முடித்திருக்க வேண்டாம். பாதியில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பேசலாம்.

புத்தகம் தமிழில்தான் இருக்க வேண்டும் என்றும் நாங்கள் வைத்துக்கொள்வதில்லை. பிரெஞ்சு எழுத்தாளர் லெ க்ளேசியோவின் முன்னோர் இந்தத் தீவில் வாழ்ந்தவர்கள். 2008-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்த பிறகு இங்கே அவரைத் தேடிப் படித்தவர்கள் பலர். அவருடைய நாவலைப் பிரெஞ்சில் படித்துவிட்டு வந்து தட்டுத் தடுமாறித் தமிழில் சொல்கிறவர்களை நான் விரும்பிக் கேட்பேன். ஏனென்றால் அவர்கள் பின்னட்டையில் இருப்பதை ஒப்பிக்க முடியாது, சொந்த வார்த்தையைத் தேடித்தான் ஆக வேண்டும். நடுவில் பாதி வாக்கியம் கிரியோலில் போனால் போகட்டும்.

படிக்கும்போதே குறித்து வைப்பது

கூட்டத்துக்கு முந்தின நாள் இரவு உட்கார்ந்து யோசித்தால் ஒன்றும் ஞாபகம் வராது. படிக்கும்போதே குறிக்க வேண்டும். அதற்காக நோட்டு வாங்கி வண்ணப் பேனாவால் எழுதுகிற வேலையெல்லாம் வேண்டாம். அது நாலு நாள் தாங்காது. நான்காக மடித்த ஒரு வெள்ளைத்தாளை அடையாளச் சீட்டாகப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதிலேயே பக்க எண்ணும், பக்கத்தில் இரண்டு மூன்று வார்த்தையும் போதும்: "41, கிழவி பணத்தை எண்ணுவது", "87, இது புரியவில்லை". நூலகப் புத்தகத்தில் பென்சிலால்கூடக் கோடு போடாதீர்கள். அடுத்து படிப்பவர் உங்கள் கோட்டைத்தான் படிப்பார்.

ரோஸ் ஹில்லிலிருந்து போர்ட் லூயிஸுக்கு மெட்ரோவில் வேலைக்குப் போகிறவர்களுக்கு இருபது நிமிடத்துக்குக் குறையாமல் கிடைக்கிறது. உட்கார இடம் கிடைத்தால் ஒரு சிறுகதை ஓடிவிடும். நின்றுகொண்டு போனால் தாளில் எழுத வராது. போனில் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் ஆயிற்று.

நான்கு நிமிடத்தில் சொல்வது எப்படி?

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். அதனால் இதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முதல் விதி, கதைச் சுருக்கம் சொல்லாதீர்கள். பொன்னியின் செல்வனை எடுத்துக்கொள்வோம், பலருக்கும் தெரிந்ததுதானே. வழக்கமாக ஆரம்பிப்பது இப்படி: "நான் பொன்னியின் செல்வன் முதல் பாகம் படித்தேன். கல்கி எழுதியது. சோழர் காலத்துக் கதை. வந்தியத்தேவன் என்று ஒரு வீரன். அவனிடம் ஆதித்த கரிகாலன் ஒரு ஓலை கொடுக்கிறான். அவன் போகிற வழியில்..." இது இருபது நிமிடம் போகும். படித்தவர் கொட்டாவி விடுவார். படிக்காதவருக்கு இனி படிக்க வேண்டிய அவசியம் இருக்காது.

அதே புத்தகத்தை இன்னொருவர் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள்: "முதல் அத்தியாயத்திலேயே நின்றுவிட்டேன். ஆடிப் பதினெட்டாம் பெருக்கு. வந்தியத்தேவன் குதிரையில் வீரநாராயண ஏரிக்கரையோரம் வருகிறான். எழுபத்து நான்கு கணவாய், அதாவது மதகு, வழியாகத் தண்ணீர் பாய்கிறது. ஜனங்கள் சித்திரான்னம் கட்டிக்கொண்டு வந்து கரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். நான் மார் ஓ வக்கோவா பக்கம் வளர்ந்தவள். நம் ஊரிலேயே பெரிய நீர்த்தேக்கம் அது. அது நிரம்பினால் செய்தியில் எத்தனை சதவீதம் என்று சொல்வார்கள், அதோடு சரி. தண்ணீர் வந்ததைக் கொண்டாடச் சோறு கட்டிக்கொண்டு போவார்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. அதுவும் ஆடியில்! நமக்கு ஆடி என்றால் ஸ்வெட்டரைத் தேடுகிற மாதம் இல்லையா?"

கதை ஒரு அடிகூட நகரவில்லை. ஆனால் கேட்பவர் ஏரிக்கரைக்குப் போய்விட்டார். சொன்னவர் யார், எங்கே வளர்ந்தவர் என்பதும் தெரிந்துவிட்டது. முதலில் உங்களை நிறுத்திய இடம் எது, அது உங்களை ஏன் நிறுத்தியது என்று சொல்லுங்கள். அதற்கு அப்புறம் புத்தகத்தைப் பற்றிய தகவல் ஒன்றிரண்டு வரி: எத்தனை பாகம், எப்போது வந்தது, எங்கே கிடைத்தது. கடைசியில், யாருக்குப் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது. "துப்பறியும் கதை பிடித்தவர்களுக்குச் சரியாக இருக்கும், வர்ணனை பிடிக்காதவர்கள் முதல் ஐம்பது பக்கத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்" என்று சொன்னால் மேசையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துப் போக ஆள் கிடைப்பார்.

முடிவைச் சொல்லலாமா என்று கேட்பார்கள். எழுபது வருடப் பழைய நாவலாக இருந்தாலும் சொல்ல வேண்டாம் என்பது என் கட்சி. அதை இன்னும் படிக்காத ஒருவர் எந்தக் கூட்டத்திலும் இருப்பார். இங்கே அவர் அநேகமாகப் பதினேழு வயதுப் பிள்ளை.

வாய்விட்டுப் படிப்பது

முடிந்தால் ஐந்தாறு வரி வாசித்துக் காட்டுங்கள். அதிகபட்சம் பத்து வரி. வீட்டில் இரண்டு தடவை சத்தமாகப் படித்துப் பார்த்துவிட்டு வாருங்கள். நீளமான சொல்லை எங்கே பிரிப்பது என்று அப்போதே தெரிந்துவிடும். நம் ஊரில் பலர் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறோம், அதை யாரும் ஒளிக்க வேண்டாம். மெதுவாகப் படித்தால் கேட்பவருக்கும் நல்லது.

இங்கே பழையவர்களுக்கும், குறிப்பாகத் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து எங்களோடு உட்காரும் நண்பர்களுக்கும், ஒரு வார்த்தை. ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து ழகரத்தைத் திருத்தாதீர்கள். அவர் அடுத்த மாதம் வரமாட்டார். கேட்டால் சொல்லுங்கள், அதுவும் டீ குடிக்கும்போது தனியாக.

பிடிக்காத புத்தகம்

"பிடிக்கவில்லை" என்று தாராளமாகச் சொல்லலாம். எல்லாரும் எல்லாவற்றையும் புகழ்கிற கூட்டத்தில் யாருடைய சிபாரிசையும் நம்ப முடியாது. ஆனால் எந்தப் பக்கத்தில் மூடி வைத்தீர்கள், ஏன் என்று சேர்த்துச் சொல்லுங்கள். "60-ம் பக்கம் வரை போனேன். வட்டாரப் பேச்சு எனக்குப் பிடிபடவில்லை, வரிக்கு வரி அத்தையிடம் கேட்க வேண்டியிருந்தது" என்பது பயனுள்ள தகவல். "மோசமான எழுத்து" என்பது இல்லை. முன்னதைக் கேட்ட இன்னொருவர், தனக்கு அந்தப் பேச்சு தெரியும் என்று அந்தப் புத்தகத்தை வாங்கிப் போவார்.

இந்தியப் பதிப்பு ஒன்றை யாரோ பெட்டியில் சுமந்து வந்து கொடுத்திருக்கும்போது பாதியில் விடுவது அவமரியாதை என்று நினைக்கிறவர்கள் உண்டு. அப்படி இல்லை. திருப்பிக் கொடுத்தால் அது அடுத்தவர் கைக்குப் போகும். உங்கள் தலையணைப் பக்கத்தில் ஆறு மாதம் கிடப்பதுதான் அவமரியாதை. நம் மேட்டுநில ஈரத்துக்கு, க்யூர்பிப் பக்கம் என்றால் கேட்கவே வேண்டாம், அதற்குள் பூஞ்சையும் பிடித்துவிடும்.

மற்றவர் பேசும்போது

எங்கள் வட்டத்தில் வயதானவர்களை ஐயா, அம்மா என்றோ, வீட்டில் கூப்பிடுவதுபோல் தோந்தோன் (மாமா), தாந்தீன் (அத்தை) என்றோ கூப்பிடுகிறோம். பட்டம், பதவி சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒருவர் முடித்ததும் ஒரு கேள்வியாவது கேளுங்கள். "அருமை" என்று சொல்லி நிறுத்தினால் பேச்சு அங்கேயே செத்துவிடும். என்ன கேட்பது என்று தெரியவில்லையா? "அதை எங்கே உட்கார்ந்து படித்தீர்கள்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வி சாதாரணமாகத் தெரியும், ஆனால் பேசாத ஆளையும் இது பேச வைக்கும். பிள்ளையைக் கண்டோசில் பரீட்சை எழுத விட்டுவிட்டு காரில் உட்கார்ந்து படித்தேன், புயல் எச்சரிக்கை மூன்றில் மெழுகுவத்தி வைத்துப் படித்தேன் என்று எங்கெங்கோ போகும்.

படிப்பு இலக்கு: புத்தக எண்ணிக்கையை விடுங்கள்

ஜனவரிக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் அந்த வருட இலக்கைச் சொல்வது பல வட்டங்களில் வழக்கம். இதில்தான் எனக்குப் பிடிவாதமான அபிப்பிராயம் உண்டு. "இந்த வருடம் 25 புத்தகம்", "50 புத்தகம்" என்று யார் சொன்னாலும் நான் எழுதிக்கொள்வதில்லை. கோயம்புத்தூரில் வளர்ந்தவர் ஒரு மணி நேரத்தில் தாண்டுகிற பக்கங்களைத் தாண்ட நம் பிள்ளைக்கு ஒரு வாரம் ஆகலாம். இருவரையும் ஒரே எண்ணால் அளந்தால், நம் பிள்ளை ஒல்லியான புத்தகமாகப் பொறுக்க ஆரம்பிப்பான், அல்லது மார்ச் மாதத்தோடு விட்டுவிடுவான். இலக்கை நேரத்தில் வையுங்கள்.

அதற்கு முதலில் உங்கள் வேகம் தெரிய வேண்டும். போனில் 15 நிமிடம் வைத்துவிட்டு, படிக்க நினைக்கும் புத்தகத்தையே சாதாரணமாகப் படியுங்கள், பந்தயம் ஓட வேண்டாம். மூன்று பக்கம் முடிந்தது என்றால் மணிக்கு 12 பக்கம். 200 பக்கப் புத்தகத்துக்குப் பதினாறு மணி நாற்பது நிமிடம் வரும். தினம் 20 நிமிடம் ஒதுக்கினால் 50 நாள். கேட்க அதிகமாகத் தோன்றும். ஆனால் இந்தக் கணக்கின்படியே வருடத்துக்கு ஏழு புத்தகம் வருகிறது. விருந்தாளி, காய்ச்சல், கல்யாணம் எல்லாம் கழித்தால் ஐந்து. தமிழைப் பள்ளியோடு விட்டுவிட்டு இருபது வருடம் கழித்துத் திரும்பி வருகிறவருக்கு ஐந்து தமிழ்ப் புத்தகம் என்பது நல்ல விளைச்சல். பிரெஞ்சில் உங்கள் வேகம் இதுபோல நாலு மடங்கு இருக்கலாம். இரண்டையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள்.

பெரிய புத்தகம் என்றால் அத்தியாயக் கணக்கு நல்லது. பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் சேர்ந்தால் முந்நூறுக்குக் கொஞ்சம் குறைவான அத்தியாயங்கள். வாரம் ஆறு என்று வைத்தால் ஒரு வருடத்துக்குள் முடிந்துவிடும். ஒரு வருடமா என்று வெட்கப்பட வேண்டாம். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் அது தொடராக வந்தபோது, அன்றைய வாசகர்கள் மூன்று வருடத்துக்கும் மேலாக வாரா வாரம் காத்திருந்துதான் படித்தார்கள்.

திருக்குறளை இலக்காக வைக்கிறவர்கள் இங்கே அதிகம், பள்ளியில் மனப்பாடம் செய்த பழக்கம். தினம் ஒரு குறள் என்றால் 1330 நாள், அதாவது மூன்றரை வருடத்துக்கும் மேல். நான் வாரம் ஒரு அதிகாரம் என்பேன். பத்துக் குறளும் ஒன்றையொன்று விளக்கும், தனிக் குறளாகப் படித்தால் அது தெரியாது. 133 வாரம், இரண்டரை வருடம். அதை அப்படியே "இரண்டரை வருட இலக்கு" என்று கூட்டத்தில் சொல்லுங்கள். இலக்கு டிசம்பர் 31-ல் முடிய வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

நம் ஊர் நாட்காட்டியைப் பார்த்துத் திட்டமிடுவதும் முக்கியம். ஜனவரி, பிப்ரவரியில் காவடி விரதம். மாலையில் கோயில், படிக்க நேரம் குறைவு. ஆனால் அதே மாதங்களில் புயல் வந்தால் இரண்டு நாள் முழுதாக வீட்டுக்குள் இருப்போம். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்து போர்ட் லூயிஸில் கார்கள் மிதந்ததே, அதுபோன்ற நாட்களுக்கென்று பாட்டரி விளக்கும், சார்ஜ் வேண்டாத அச்சுப் புத்தகம் ஒன்றும் எடுத்து வையுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீக்கிரம் இருட்டிவிடும், குளிரும். கனமான புத்தகத்துக்கு அதுதான் பருவம். புரட்டாசியில் கோவிந்தன் விரதம் முடிந்ததும் பிள்ளைகளின் பரீட்சை நெருக்கும். வீட்டில் பரீட்சைப் பிள்ளை இருந்தால் செப்டம்பர் முதல் நவம்பர் வரை சிறுகதை மட்டும் போதும்.

இலக்கைச் சொல்லும்போது எண்ணோடு ஒரு காரணமும் சேருங்கள். "தினம் 20 நிமிடம், ஏனென்றால் பாட்டி வைத்துவிட்டுப் போன பழைய புத்தகங்களை யாராவது படிக்க வேண்டும்" என்று ஒருவர் சொன்னால், அடுத்த மாதம் எல்லாரும் அவரிடம் அந்தப் புத்தகங்களைப் பற்றித்தான் கேட்பார்கள். வெறும் எண்ணைச் சொன்னவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

புத்தகம் எங்கே கிடைக்கும்?

மோக்காவில் மகாத்மா காந்தி நிலைய நூலகத்தில் தேடத் தொடங்கலாம். நகராட்சி நூலகங்களில் தமிழ் குறைவு, ஆனால் தீவைப் பற்றிய பிரெஞ்சுப் புத்தகங்களுக்கு அவை நல்லவை. இணையத்தில் மதுரைத் திட்டம் 1998 முதல் பழைய தமிழ் நூல்களை இலவசமாகத் தருகிறது. நாட்டுடைமை ஆக்கப்பட்ட, அதாவது தமிழ்நாடு அரசு உரிமையை வாங்கி எல்லாருக்கும் பொதுவாக்கிய, எழுத்தாளர்களின் நூல்களைத் தயங்காமல் இறக்கிப் படிக்கலாம், கல்கியும் அதில் உண்டு. போனில் எழுத்தைப் பெரிதாக்க முடிவதால் மூக்குக் கண்ணாடி போட்ட வாசகர்களுக்கு இது பெரிய வசதி. இன்று எழுதிக்கொண்டிருப்பவரின் புத்தகத்தை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்பாதீர்கள்.

புதுப் புத்தகங்கள் ஆட்கள் மூலமாகத்தான் வருகின்றன. சென்னைப் புத்தகக் காட்சி பெரும்பாலும் பொங்கலை ஒட்டி நடக்கும். அந்தச் சமயத்தில் அங்கே போகிறவர் யார் என்று டிசம்பரிலேயே விசாரித்து, தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம் மூன்றையும் தமிழில் எழுதிக் கொடுங்கள். ஒருவரிடம் மூன்று புத்தகத்துக்கு மேல் கேட்காதீர்கள். அவர் பெட்டியில் புடவைக்கும் இடம் வேண்டும்.

அதனால் இரவல் இங்கே உயிர்நாடி. மேசையில் ஒரு நோட்டு இருக்கும்: யாருடைய புத்தகம், யார் எடுத்தார், எந்தத் தேதி. எடுக்கும்போது நீங்களே எழுதுங்கள். இரண்டு கூட்டத்துக்குள் முடியாவிட்டால் உரியவரிடம் சொல்லி நீட்டித்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இருப்பதை இன்னொருவருக்குக் கைமாற்றிக் கொடுப்பதற்கு முன்னால் உரியவரைக் கேளுங்கள். கொடுக்கிற பக்கத்துக்கும் ஒரு யோசனை: திரும்பி வராவிட்டால் மனசு உடைந்துபோகும் என்கிற புத்தகத்தை மேசைக்கே கொண்டுவராதீர்கள். அதைப் பற்றிப் பேசுங்கள், வாசித்துக் காட்டுங்கள், பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.

டிசம்பரில்

வருடக் கடைசிக் கூட்டத்தில் இலக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். எட்டவில்லை என்றால் நீளமாகக் காரணம் சொல்ல வேண்டாம். எது வரை வந்தீர்கள், எந்த மாதத்தில் நின்றது என்று மட்டும் சொல்லுங்கள். ஏப்ரலில் நின்றது என்றால் அடுத்த வருடம் ஏப்ரலுக்கு ஒரு மெல்லிய புத்தகத்தை ஒதுக்கலாம். தினம் 20 நிமிடம் நடக்கவில்லை என்றால், வாரத்தில் நாலு நாள் 20 நிமிடம் என்று மாற்றிப் பாருங்கள். 15 நிமிடச் சோதனையையும் திரும்பச் செய்துவிட்டு வாருங்கள். மூன்று பக்கம் நாலாகியிருந்தால் கூட்டத்தில் முதலில் அதைச் சொல்லுங்கள்.